வண்ணப்பரப்பு ஓவியமும் நம் வீட்டுச் சுவரும்

மனிதன் தான் வாழும் இடத்தின் சுவரை வெறுமையாக விட்டுவைப்பதில்லை. குகையில் வாழ்ந்த காலந்தொட்டுக் கூடத்தில் வாழும் இக்காலம்வரை அவன் சுவரிலே ஏதேனும் ஒன்றை எழுதியோ தொங்கவிட்டோ வந்திருக்கின்றான். ஒரு வீட்டின் சுவரில் இருப்பவற்றைக் கொண்டு அவ்வீட்டாரின் வழிபாடு, நினைவு, ஆசை ஆகிய மூன்றையும் ஒருவாறு அறிந்துகொள்ளலாம். ஆதலின் சுவர்ப்படம் பற்றிய ஆராய்ச்சியை வீட்டு அலங்காரம் பற்றிய சிறு பேச்சென ஒதுக்கிவிடுதல் தகாது. கலைத்திறனாய்வில் அதற்கும் ஓர் இடம் உண்டு.

ஊவா மாகாணத்துத் தோட்டப்புறங்களில் இவ்வாராய்ச்சிக்கு இன்று ஒரு தனித் தேவை எழுந்துள்ளது. நூறாண்டுகளுக்கு மேலாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் வாழ்ந்த குடும்பங்களுட் சில, இப்பொழுது 7 பேர்ச் காணியில் தனி வீடு பெற்றுள்ளன. இந்திய அரசின் உதவியுடன் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கென 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. அவை ஒவ்வொன்றும் 550 சதுர அடி அளவின. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் நோர்வூட்டில் நடைபெற்ற கூட்டத்திலே மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. இன்னும் லயத்திலேயே வாழ்வோர் மிகப் பலர் என்பதை மறத்தலாகாது. எனினும், வீடு கிடைத்தோர்க்குக் கூடம் ஒன்று கிடைத்தது. கூடத்தோடு பெரிய சுவரொன்றும் கிடைத்தது. அச்சுவரில் எதனை மாட்டுவது என்னும் வினா அவர்தம் பிள்ளைகளின் முன் நிற்கின்றது. கொழும்பிலே தொழில் பார்க்கும் இளைஞர் விடுமுறைக்கு வரும்போது சட்டமிட்ட அச்சுப்படம் ஒன்றைக் கொண்டுவருவர். அதில் உருவம் எதுவும் இராது. கருஞ்சிவப்பின்மேல் மங்கிய செம்மஞ்சள் ஒரு பட்டையாகப் படர்ந்திருக்கும். அதற்கு இடங்கொடுக்கும்பொருட்டு முருகன் படமும் பாட்டனாரின் நிழற்படமும் உள்ளறைக்கு நகர்த்தப்படும். இம்மாற்றத்தால் வீடு பெற்றது யாது, இழந்தது யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வண்ணப்பரப்பு ஓவியம் யாது?

முதற்கண் அப்புதிய படத்தின் மூலத்தை அறிதல் வேண்டும். இரண்டாம் உலகப் போரின் பின்னர் நியூயோர்க் நகரில் ஓவியர் சிலர் உருவத்தையும் கதையையும் கைவிட்டனர். தூரிகையின் வேகத்தைக் காட்டும் கோட்டுச் சிக்கல்களையும் அவர்கள் விரும்பவில்லை. அகன்ற துணியில் ஒன்றோ இரண்டோ வண்ணங்களைப் பரப்பி, அப்பரப்பையே ஓவியமாக்கினர். மார்க் ரொத்கோ (1903–1970), பார்னெட் நியூமன் (1905–1970), கிளிஃபோர்ட் ஸ்டில் (1904–1980) ஆகிய மூவரையும் ஒருசேர வைத்து, திறனாய்வாளர் கிளெமென்ட் கிரீன்பேர்க் 1955ஆம் ஆண்டில் கட்டுரை வரைந்தார். ஹெலன் ஃபிராங்கந்தாலர் 1952இல் மெல்லிய வண்ணத்தைப் பூச்சில்லாத துணியில் ஊற்றி ஊறவிடும் முறையைக் கையாண்டார். இவ்வகை ஓவியத்தை நாம் வண்ணப்பரப்பு ஓவியம் என வழங்கலாம்.

தமிழ் மரபிலே ஓவியம் கோட்டிற் பிறந்தது. ‘வரைதல்’ என்னும் சொல்லே எல்லை காட்டுதலையும் சித்திரம் எழுதுதலையும் ஒருங்கே குறிக்கும். வண்ணம் தீட்டாது கோட்டால் மட்டும் அமைந்த சித்திரத்தைப் ‘புனையா ஓவியம்’ என நெடுநல்வாடை குறிப்பிடுகின்றது. வண்ணமின்றியும் ஓவியம் ஓவியமே என்பதற்கு அச்சொல்லே சான்று. ரொத்கோவும் நியூமனும் செய்தது இதற்கு நேர்மாறானது. அவர்கள் புனைவை வைத்துக்கொண்டு வரைவை நீக்கினர். இது நமக்கு வியப்பைத் தருமாயினும் முற்றிலும் அந்நியமானதன்று. ‘வண்ணம்’ என்னுஞ் சொல் நிறத்தையும் ஓசை நடையையும் குறிக்குமன்றோ? தொல்காப்பியர் செய்யுளியலில் இருபது வண்ணங்களை வகுத்துள்ளார். சொற்பொருளை நீக்கிய பின்னரும் ஓசை நடை ஒன்று எஞ்சி நிற்பதைச் செவி உணர்கின்றது. சாகித்தியமில்லாத ஆலாபனையில் இராகத்தின் மெய்ப்பாட்டை நாம் ஐயமின்றி அனுபவிக்கின்றோம். ஆலாபனையைக் கேட்டு இதன் பொருள் யாது என எவரும் வினவுவதில்லை. வண்ணப்பரப்பு ஓவியம் கண்ணுக்கு அத்தகையதோர் ஆலாபனையாக இருக்க முயன்றது எனலாம்.

நியூமன் 1950–51ஆம் ஆண்டுகளில் தீட்டிய ‘வீர் ஹீரோய்க்கஸ் சப்லிமிஸ்’ என்னும் ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். அதன் உயரம் ஏறத்தாழ 8 அடி. அகலம் ஏறத்தாழ 18 அடி. முழுமையும் சிவப்பு, இடையிடையே மெல்லிய செங்குத்துக் கோடுகள் ஐந்து. அதனை எட்ட நின்று பார்த்தல் ஆகாதென்பதும் அருகே நின்று பார்த்தல் வேண்டுமென்பதும் நியூமனின் கருத்து. அருகே நிற்பவனுக்கு ஓவியத்தின் ஓரங்கள் கண்ணின் எல்லைக்கு அப்பாற் சென்றுவிடும். அவன் சிவப்பினுள் நிற்பவனாவான். அப்பொழுது ஒரு செங்குத்துக் கோடு, தன்னெதிரே நிற்கும் வேறொரு மனிதனைப்போல அவனுக்குத் தோன்றும். அளவு, அணுக்கம், நேரெதிர் நிலை ஆகிய மூன்றும் இவ்வோவியத்தின் புறக்குறிகளாக அமையாது அதன் பொருளாகவே அமைந்துள்ளன. இதனை நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் நாம் கூறப்போவதற்கு இதுவே அடிப்படை.

நம் நாட்டிலும் அண்டை நாட்டிலும்

இக்கலை அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. 1924இல் நாகபுரியிற் பிறந்த வி. எஸ். கைதொண்டே பம்பாய் ஜே. ஜே. கலைக் கல்லூரியிற் பயின்றவர். அவர் 1964–65இல் உதவிநிதி பெற்று நியூயோர்க் சென்று திரும்பினார். வண்ண உருளையும் தட்டைக் கத்தியும் கொண்டு படலத்தின்மேற் படலமாக வண்ணத்தை ஏற்றியும் சுரண்டியும் அவர் பணிசெய்தார். ஆண்டுக்குச் சில ஓவியங்களே அவர் கையிலிருந்து வெளிவந்தன. தம் ஓவியத்தை அரூபம் என்பதினும் பொருள்சாராதது என்று வழங்குவதையே அவர் விரும்பினார். 2001இல் அவர் மறைந்தார். 2013 டிசம்பரில் மும்பையில் நடைபெற்ற ஏலமொன்றில் 1979ஆம் ஆண்டைச் சேர்ந்த அவருடைய ஓவியம் ஏறத்தாழ 23.7 கோடி இந்திய ரூபாவுக்கு விலைபோயிற்று. மறு ஆண்டில் நியூயோர்க் குக்கன்ஹைம் அரும்பொருளகம் அவர் ஓவியங்களுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது.

எஸ். எச். ரஸா (1922–2016) மத்திய இந்தியக் காட்டுப்புறத்திற் பிறந்தவர். அலைபாயும் மனத்தினனாயிருந்த அச்சிறுவனை நிலைப்படுத்தும்பொருட்டு, அவருடைய தொடக்கப்பள்ளி ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளியை இட்டு அதனை நோக்கியிருக்கச் செய்தாராம். பல்லாண்டுகள் கழித்துப் பிரான்சில் வாழ்ந்தபொழுது அப்புள்ளியே ‘பிந்து’வாக அவர் ஓவியங்களின் நடுவில் எழுந்தது. ஓர் ஆசிரியர் சுவரில் இட்ட புள்ளி உலகக் கலைக்கூடங்களை எட்டியதென்பது ஆசிரியத் தொழிலிலுள்ளோர் எண்ணி மகிழத்தக்க செய்தி. சென்னையிலே அச்சுதன் கூடல்லூர் (1945–2022) பொறியியல் கற்றவர். பின்னர் ஓவியத்தில் நுழைந்து, உருவத்தைக் கைவிட்டு, வண்ணத்தையே தம் மொழியாகக் கொண்டார்.

இலங்கையில் 1943ஆம் ஆண்டு ‘43 குழு’ தோன்றியது. லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தரணியகல, ரிச்சர்ட் கேப்ரியல் முதலியோர் அதில் இடம்பெற்றனர். அக்குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் கிளாசன் (1909–1999) இந்நாட்டு அரூப ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகின்றார். ஆகவே, உருவமற்ற ஓவியம் நேற்றுக் கடைக்கு வந்த புதுமை என எண்ணுதல் பிழை. அதற்கு நம்மவரிடையேயும் ஒரு பாரம்பரியம் உண்டு.

மற்றோர் ஓடை: அச்சுத் தெய்வம்

இனி, உள்ளறைக்கு நகர்த்தப்பட்ட படத்தின் வரலாற்றையும் காண்போம். அதற்கும் ஒரு கலை வரலாறு உண்டென்பதைப் படித்தவர்கள் பலர் மறந்துவிடுகின்றனர். திருவாங்கூரைச் சேர்ந்த இராஜா ரவிவர்மா (1848–1906) 1894இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் நிறுவினார். அரண்மனைச் சுவருக்கும் கோயிற் கருவறைக்கும் உரியதாயிருந்த தெய்வ வடிவம், அதன் வழியாக ஏழையின் சுவருக்கு வந்தது. கோயிலினுள் அடி வைக்கத் தடைசெய்யப்பட்டிருந்த மக்களும் தெய்வத்தைத் தம் வீட்டினுள்ளே நேருக்குநேர் காணும் நிலை ஏற்பட்டது. ஒரு கலைப்பொருள் இயற்றிய சமூகப் புரட்சிகளுள் இதுவும் ஒன்றெனலாம். பின்னர் அவ்வச்சுக்கூடம் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்னும் செருமானியரின் கைக்கு மாறியது. இருபதாம் நூற்றாண்டிலே சிவகாசி அச்சகங்கள் இப்பணியைப் பெருக்கின. கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976) தீட்டிய தெய்வப் படங்கள் நாட்காட்டிகளாகித் தமிழர் வாழும் இடமெங்கும் பரவின.

தோட்டத்து லயத்திலே இப்படங்கள் எவ்வாறு வைக்கப்பட்டன என்பது கருதற்பாலது. இஸ்தோப்பைக் கடந்து உள்ளே நுழைந்தால், அடுப்புப் புகை படியாத ஒரு பக்கச் சுவரில், நீலங் கலந்த சுண்ணாம்பின்மேல், முருகனும் மாரியம்மனும் இலக்குமியும் வரிசையாக இருப்பர். அவர்களுக்குக் கீழே ஒரு பலகைத் தட்டும் விளக்கும் இருக்கும். பக்கத்தே மறைந்தவரின் நிழற்படம் மாலையுடன் தொங்கும். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் இந்தியா சென்றுவிட்ட உறவினரின் நிழற்படமும் சில வீடுகளில் உண்டு. வருட முடிவில் நாட்காட்டியின் தாள்கள் தீர்ந்தபோதும் அதிலுள்ள தெய்வத்தை எறிய மனமின்றி அதனை வெட்டியெடுத்துச் சட்டமிடுவர். கண்ணாடிமேல் திருநீறும் குங்குமமும் இட்டு, நாள்தோறும் தூபங்காட்டுவர். ஒரு சிறு காம்பராவிலே கோயிலும் குடும்ப வரலாறும் இவ்வாறு ஒரே சுவரில் அடங்கின.

இரண்டிற்கும் உள்ள உறவு

இவ்விரு வகைப் படங்களும் ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறானவை என்பதே பொதுக்கருத்து. ஒன்று உருவம் நிறைந்தது, மற்றையது உருவமற்றது. ஒன்று பத்தி, மற்றையது நவீனம். ஆயினும் உற்று நோக்குமிடத்து இவற்றிடையே ஓர் ஒற்றுமை புலனாகின்றது. சிவகாசித் தெய்வப் படத்திலே தெய்வம் பக்கவாட்டில் நோக்குவதில்லை; நம்மையே நேரே நோக்குகின்றது. பின்னணியில் அருவியோ மலையோ இருப்பினும் அவை ஆழங் காட்டுவதினும் திரையாகவே பயன்படுகின்றன. கதை நிகழ்ச்சி குறைவு, எதிர்நிற்றலே பெரிது. வழிபடுவோன் பார்க்கின்றான், அதே வேளையிற் பார்க்கப்படுகின்றான். இதனையே நாம் தரிசனம் என்கின்றோம். நியூமனின் ஓவியமும் ஆழத்தையும் கதையையும் நீக்கி, பார்ப்போனை எதிர்நிற்கச் செய்கின்றது. ஆகையால் இயற்கைக்காட்சிப் படங்களிற் பழகிய கண்ணைக் காட்டிலும், தெய்வப் படத்தின் முன் நின்று பழகிய கண்ணே வண்ணப்பரப்பு ஓவியத்தை எதிர்கொள்ளத் தகுதி மிக்கது என்பது என் கருத்து. தோட்டத்து மூதாட்டிக்கு ரொத்கோ விளங்கமாட்டார் என நகைப்போர் இதனைச் சிந்திப்பாராக.

நிறத்தை நுணுகி அறியும் பயிற்சியும் நம் மக்களுக்குக் குறைவானதன்று. கொழுந்தின் பச்சைக்கும் முற்றிலையின் பச்சைக்கும் உள்ள வேறுபாட்டைக் கொழுந்து பறிக்கும் பெண் கணப்பொழுதில் அறிவாள். தொழிற்சாலையில் அரைத்த இலை பச்சையிலிருந்து செப்பு நிறத்துக்கு மாறும் பக்குவத்தை நிறத்தாலும் மணத்தாலும் அறிந்தே நெருப்புக்கு அனுப்புவர். வெண்கிண்ணங்களை வரிசையாக வைத்துத் தேநீரின் நிறத்தையும் ஒளியையும் ஒப்புநோக்கி அதன் தரத்தை வகுப்பவர் செய்வதும் வண்ணத் திறனாய்வே. இத்தகைய கண்ணுடையார்க்கு ‘நிறம் ஒன்றே போதுமோ?’ என்னும் வினா எழவேண்டியதில்லை.

ஹல்துமுல்லையில் நிற்போர்க்கு இயற்கையே இப்பாடத்தைக் கற்பிக்கின்றது. அப்புத்தளை மலைத்தொடரின் தென்சரிவில் அமைந்த இவ்வூரிலிருந்து நோக்கின், தெற்கே சமவெளி விரிந்து கிடக்கும். காலையில் கீழே மங்கிய பச்சையும், அதன்மேல் மூடுபனியின் வெண்மையும், அதற்குமேல் வானமும் விளிம்பு கலங்கிய மூன்று பட்டைகளாகத் தோன்றும். எனினும் இக்காட்சியையும் ரொத்கோவின் ஓவியத்தையும் ஒன்றெனக் கருதுதல் தவறு. ரொத்கோ மலையையோ மூடுபனியையோ தீட்டவில்லை. வெளியே தோன்றும் காட்சி, கண்ணைப் பழக்கும் அரிச்சுவடி மட்டுமே.

அச்சிலே பிழைப்பதும் அழிவதும்

இனி வேற்றுமைக்கு வருவோம். இக்கட்டுரையின் உயிர்நிலை இதுவேயாம். தெய்வப் படத்தை ஆயிரம் படிகள் அச்சிட்டாலும் அதன் பயன் குறைவதில்லை. அதன் நிறம் சற்றுப் பிசகினாலும், அளவு சிறுத்தாலும், வழிபாடு குறைவுறாது. ஏனெனில் அப்படத்தின் ஆற்றல் மையில் இல்லை. வழிபடுவோனுக்கும் வடிவத்துக்கும் உள்ள உறவிலேயே இருக்கின்றது. ஆறுமுகமும் வேலும் மயிலும் தெரிந்தாற் போதும். அது முருகன் படமே.

வண்ணப்பரப்பு ஓவியமோ நிறம், அளவு, மேற்பரப்பு என்பவற்றைத் தவிர வேறெதனையும் தன்னிடத்தே வைத்துக்கொள்ளவில்லை. அச்சு இம்மூன்றையுமே மாற்றிவிடுகின்றது. 8 அடி உயர ஓவியத்தை ஓரடி உயரமாகச் சுருக்கினால் அதன் பரப்பு 64இல் ஒரு பங்காகின்றது. அதனுள் நாம் நிற்றல் இயலாது. அதனை நாம் கையிற் பிடிக்கின்றோம். ரொத்கோ வண்ணத்தை மெல்லிய படலங்களாகப் பூசினார். ஒளி அப்படலங்களினூடே புகுந்து மீள்வதனாலேயே அவருடைய சிவப்பு உள்ளிருந்து ஒளிர்வதாகத் தோன்றுகின்றது. அச்சிலோ நீலம், செந்நீலம், மஞ்சள், கருப்பு என்னும் நான்கு மைகளின் நுண்புள்ளிகள் அச்சிவப்பைப் போலிசெய்கின்றன. மேலே கண்ணாடி இட்டால், அறையின் சன்னலும் பார்ப்போனின் முகமும் அதில் தெரியும்.

மூல ஓவியமே இடத்தாலும் ஒளியாலும் கெடும் இயல்புடையது. 1958இல் நியூயோர்க்கிலுள்ள செல்வர் உணவகமொன்றிற்காக ஓவியங்கள் தீட்ட ரொத்கோ உடன்பட்டார். பின்னர் அவ்விடம் தம் ஓவியத்துக்கு ஏற்றதன்று எனக் கண்டு, பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவற்றுள் ஒன்பது ஓவியங்கள் இன்று இலண்டன் டேற் கலைக்கூடத்துக்கு உரியவை. 1961இல் இலண்டனில் நடந்த கண்காட்சியின்போது, தம் ஓவியங்களைத் தரையை ஒட்டித் தாழ்வாகவும் மங்கிய ஒளியிலும் வைக்குமாறு அவர் வேண்டினார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கென அவர் தீட்டிய ஓவியங்கள் 1964இல் வெயில் புகும் உணவுக்கூடமொன்றில் மாட்டப்பட்டன. அவற்றில் இருந்த சிவப்பு நிறமி வெளிறிப் பாழானமையால் 1979இல் அவை அகற்றப்பட்டன. 2014இல் அப்பல்கலைக்கழகம் ஒளிக்கருவியால் இழந்த நிறத்தை ஓவியத்தின்மேற் பாய்ச்சிக் காட்டியது. மூலத்துக்கே இக்கதி நேருமாயின் அச்சுப்படியைப் பற்றிக் கூறவேண்டுமோ?

ஆகவே ஒரு முரண் தோன்றுகின்றது. கலையுணர்வு மிக்கோர் மலிவான அச்சென ஒதுக்கும் தெய்வப் படம் அச்சிலே முழுமையுடன் வாழ்கின்றது. அவர்கள் உயர்ந்ததென மாட்டும் வண்ணப்பரப்பு ஓவியம் அச்சிலே பெரும்பாலும் இறந்துவிடுகின்றது.

இவ்விரண்டோடு மூன்றாவதொரு வகையையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். அது பாட்டனாரின் நிழற்படம். இதற்கு மறுபடி பெரும்பாலும் இல்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிரிழப்பின் முன் வேறு எவ்விழப்பையும் பேசுதல் பொருந்தாது. ஆயினும் எஞ்சியோர் புதிய வீட்டிற் குடியேறியபோது, முருகன் படத்தை மீண்டும் கடையில் வாங்குதல் கூடும். மண்ணுட் போன தாய் தந்தையரின் படத்தை எக்கடையில் வாங்குவது? ஆதலின் வீட்டுச் சுவரிலுள்ள படங்களை, இழப்பின்றிப் பெருகுவன, பெருகும்போது இழப்பன, பெருகவே இயலாதன என மூவகையாகப் பகுக்கலாம். இவற்றுள் முதலிடத்துக்கு உரியது எது என்பதை எவரும் எளிதில் உணர்வர். நம் புதிய கூடங்களிலோ நடுவிலுள்ளதற்கே நடுச்சுவர் கொடுக்கப்படுகின்றது.

தடையும் விடையும்

ஈண்டுச் சில தடைகள் எழலாம். ‘இரண்டு நிறத்தைப் பூசுதல் சிறுவனுக்கும் எளிது; இதற்குத் திறனாய்வு எதற்கு?’ என்பது முதலாவது. கைதொண்டே போன்றோர் ஒரு துணியோடு நெடுங்காலம் மல்லாடியதை முன்னரே கூறினோம். ஒரே சுரத்தை எவரும் ஒலிக்கலாம். அதனை நிலைநிறுத்தி உயிர்ப்பித்தல் வித்துவானுக்கே இயலும்.

‘உருவமற்ற ஓவியம் நமது அருவ வழிபாடே, ரொத்கோ காட்டியது சிதம்பர ரகசியமே’ எனச் சிலர் போற்றுவர். இதுவும் ஏற்கத்தக்கதன்று. சித்தாந்த மரபிலே உருவம், அருவுருவம், அருவம் என்பன ஒன்றோடொன்று தொடர்புடைய நிலைகள். தில்லையில் திரைக்கு அப்பாலுள்ள வெளி, ஆடல்வல்லான் திருவுருவத்தின் அருகே, கோயில் முழுவதன் நடுவே, பொன் வில்வ மாலையினால் சுட்டிக்காட்டப்படும் வெளி. சூழலே அவ்வெளிக்குப் பொருள் தருகின்றது. ரொத்கோவும் இறுதியில் இதனை ஒருவாறு உணர்ந்தவரே. அவருடைய 14 ஓவியங்களுக்கென்றே ஹூஸ்டன் நகரில் ஒரு தியான மண்டபம் எழுப்பப்பட்டது. அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1971இல் அது திறக்கப்பட்டது. சுற்றிலும் கட்டடமும் அமைதியும் இருந்தே அவ்வோவியங்கள் பேசுகின்றன. சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே மாட்டிய ஓரடி அச்சுப்படம் அவ்வாறு பேசுதல் யாங்ஙனம்?

மூன்றாவது தடையே வலியது. ‘ஹூஸ்டனுக்கும் இலண்டனுக்கும் செல்ல இயலாத தோட்டத்து மாணவன் என்ன செய்வான்? அச்சுப்படியையும் மறுத்தால் அவனுக்கு எஞ்சுவது யாது?’ என்று கேட்பாராயின், அவ்வினாவுக்குத் தலைவணங்குதல் வேண்டும். அச்சுப்படி மூலத்துக்கு ஈடாகாது. ஆயினும் மூலத்துக்கு வழிகாட்டும். அதனைக் கைகாட்டி மரமாகக் கொள்வோன் பயனடைவான். ஊரே இதுதான் என அம்மரத்தடியிற் குடியேறுவோன் ஏமாறுவான். தன் சுவரிலுள்ள படம் யாருடையது, மூலத்தின் அளவு எத்துணை, அது எங்கே உள்ளது என்னும் மூன்று செய்திகளை அறிந்து, சட்டத்தின் பின்புறத்தில் எழுதிவைப்பானாயின், அப்படமே அவனுக்கு ஓர் ஆசிரியனாகும். யாருடையதென்றே அறியாது, சுவர்ப் பூச்சுக்குப் பொருந்துகின்றதென்பதற்காகவே வாங்கிய படமோ திரைச்சீலைக்குச் சமம். திரைச்சீலை வாங்குதலிற் குற்றமில்லை; அதனை நாகரிகத்தின் சான்றிதழாகக் கொள்வதிலேயே குற்றமுண்டு.

இங்கேதான் நாம் கவலைகொள்ளவேண்டிய செய்தி ஒன்று உள்ளது. முருகன் படம் உள்ளறைக்குச் செல்வது பெரும்பாலும் சுவை வளர்ச்சியினாலன்று, நாணத்தினால். சிவகாசிப் படமும் மாலையிட்ட நிழற்படமும் லயத்தின் அடையாளங்கள் என்றும், அவற்றை அகற்றினால் லயத்தின் இழிவும் அகன்றுவிடும் என்றும் இளைஞர் சிலர் எண்ணுகின்றனர். லயத்தின் இழிவு ஓடொழுகும் கூரையிலும், நெருக்கத்திலும், நிலவுரிமையின்மையிலும் இருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்ததில் இருந்தது. சுவரிலிருந்த படங்களில் அது இருக்கவில்லை. அம்மக்கள் தாமே தேர்ந்து, தாமே வாங்கி, தாமே அழகுபடுத்திய ஒரே இடம் அச்சுவர். அதனை வெட்கத்தோடு கலைப்போன் தன் முன்னோரின் ஒரே கலைக்கூடத்தைக் கலைக்கின்றான்.

செய்யத்தக்கன

திறனாய்வு குறைகூறுதலோடு நின்றுவிடலாகாது. கூடத்தில் வண்ணப்பரப்புப் படம் ஒன்றை வைக்க விரும்புவோர் சிலவற்றைக் கருத்திற் கொள்ளுதல் நன்று. ஒரு சுவருக்கு ஒரு படமே அமையும். சிறு படங்கள் பலவற்றை நெருக்கி வைப்பின் வண்ணம் வண்ணத்தைக் கொல்லும். இருந்து நோக்குவோர் கண்ணின் உயரத்தில், வழக்கத்தைக் காட்டிலும் தாழ்வாக வைத்தல் நலம். நேர் வெயில் படலாகாது. மூடுபனியும் மழையும் மிக்க நம் மலைப்புறத்திற் சுவரின் ஈரம் தாளிற் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். ஆதலின் சட்டத்தின் பின்னே சிறு கட்டைகளை ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றுப் புக விடுதல் வேண்டும். இவ்விதி பாட்டனார் படத்துக்கும் பொருந்தும். அதனை நிழற்படக் கருவியாற் படியெடுத்து வேறோரிடத்திலும் பாதுகாத்தல் பேரப்பிள்ளைகளின் கடமை.

மூலத்தைக் காணும் வாய்ப்பும் நமக்கு முற்றாக இல்லாமலில்லை. கொழும்பிலே ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த இல்லம், 1974இல் அவர் அமைத்த சபுமால் நிலையமாக விளங்குகின்றது. 43 குழுவினரின் ஓவியங்கள் அங்கே ஒரு வீட்டின் அறைகளில், வீட்டுச் சுவர்களில் உள்ளன. வீட்டிற் படம் எவ்வாறு வாழவேண்டும் என்பதற்கு அதனினும் சிறந்த பாடசாலை இந்நாட்டில் அரிது. கொழும்புக்குச் சுற்றுலா செல்லும் நம் கல்லூரி மாணவர் விலங்கினச் சாலையையும் கடற்கரையையும் கண்டு மீள்கின்றனர். ஒரு மணி நேரத்தை அவ்வில்லத்துக்கு ஒதுக்குவாராயின் நூறு அச்சுப்படங்கள் கற்பிக்காததை அது கற்பிக்கும்.

இன்னொன்றும் செய்யலாம். அச்சுப்படம் வாங்கும் பணத்தில் வண்ணமும் துணியும் வாங்கி, மாணவனே தன் வீட்டுச் சுவரின் அளவுக்கு ஒரு வண்ணப்பரப்பைத் தீட்டிப் பார்ப்பானாக. அது சிறந்த ஓவியமாகாதிருக்கலாம். ஆயினும் அதன் நிறம் மெய்யான நிறம். அதன் அளவு மெய்யான அளவு. அதன் மேற்பரப்பில் ஒரு கை நடந்த தடம் இருக்கும். ஒரு நிறத்தை மற்றொரு நிறத்தின் அருகே நிறுத்துவது எத்துணை அரிதென அவன் தன் கையால் அறிவான். அவ்வறிவோடு ரொத்கோவின் சிறு அச்சுப்படியைக் காணும்போது, அதில் இல்லாததையும் அவன் மனக்கண் நிரப்பிக்கொள்ளும்.

தொகுத்துக் கூறுமிடத்து, புதிய கூடத்துக்குப் புதிய கலை வருதல் வரவேற்கத்தக்கதே. அது தெய்வப் படத்தை வெளியேற்றிக்கொண்டு வரவேண்டியதில்லை. பாட்டனாரின் முகத்தை மறைத்துக்கொண்டும் வரவேண்டியதில்லை. வழிபாட்டுக்கு ஒரு சுவர், நினைவுக்கு ஒரு சுவர், தேடலுக்கு ஒரு சுவர் எனப் பகுத்துக்கொள்ள 550 சதுர அடி வீட்டிலும் இடமுண்டு. எதனை மாட்டினும், அதனை ஏன் மாட்டினோம் என்று வினவும் பிள்ளைக்கு விடைசொல்ல வல்லவராயிருத்தல் வேண்டும். அவ்விடை உள்ள வீட்டிலே ஐந்து ரூபா நாட்காட்டிப் படமும் கலையாகும். அஃதில்லாத வீட்டிலே பொற்சட்டத்து ரொத்கோவும் வெறுந் தாளாகும்.